திசை விரதமும் ஒரு கடற்கரைப் பயணமும்

இல்லறத்தில் இருந்துகொண்டே அறவழி நடக்க விரும்பும் சிராவக, சிராவகியருக்கு நம் ஆசாரியர்கள் வகுத்தளித்த விரதங்கள் பன்னிரண்டு. அணுவிரதங்கள் ஐந்து, குணவிரதங்கள் மூன்று, சிட்சா விரதங்கள் நான்கு. குணவிரதங்களுள் முதலாவதாக எண்ணப்படுவது திக்விரதம் என்னும் திசை விரதம். ‘இத்திசையில் இந்த ஆறு வரை, இந்த மலை வரை, இந்தக் கடல் வரை செல்வேன், அதற்கு அப்பால் ஆயுள் உள்ளவரை செல்லேன்’ என்று எல்லை வகுத்துக்கொள்வதே அது. கேட்பதற்கு மிக எளிய விரதமாகத் தோன்றும். எனக்கும் அவ்வாறே தோன்றியது. அது எளியதன்று என்பதை எழுபத்து நான்காம் வயதில், ஒரு மூன்று வயதுக் குழந்தையின் கோடை விடுமுறையைக் கொண்டு கற்றுக்கொண்டேன். கற்றதை நம் குடும்பத்தாரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

என் மகன் 2014ஆம் ஆண்டு முதல் ஜெர்மனி நாட்டின் மியூனிக் நகரில் பணிபுரிகிறான். மருமகளும் அங்கேயே பணியில் இருக்கிறாள். அவர்களுக்கு ஒரே மகள். மருமகள் ஒரு பணியிலிருந்து விலகி மற்றொரு பணியில் சேர்வதற்கு இடையே, வரும் ஜூன் மாதத்தில் ஐந்து வாரங்கள் ஓய்வு கிடைக்கிறது. குழந்தை பிறந்த நாளிலிருந்து இவ்வளவு நீண்ட ஓய்வு அவர்களுக்கு வாய்த்ததில்லை. ஆகவே இத்தாலி நாட்டுக் கடற்கரையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்குவது என்று முடிவு செய்தார்கள். என்னையும் அழைத்தார்கள். “அம்மா, நீங்கள் ஐந்து வாரமும் எங்களுடன் இருந்தால் குழந்தை தமிழ் பேசக் கற்றுக்கொள்வாள். கடவுச்சீட்டு, விசா, காப்பீடு எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றான் மகன். அன்பினால் விடுத்த அழைப்பு. ஆனால் என் விரதம் குறுக்கே நின்றது.

2011ஆம் ஆண்டு, பணி ஓய்வு பெற்று இரண்டாண்டுகள் கழிந்த பின், பொன்னூர் மலையில் ஆசாரிய குந்தகுந்தர் திருவடிகளை வணங்கிவிட்டு இறங்கிய அன்று, முனிவர் ஒருவர் முன்னிலையில் திசை விரதம் ஏற்றேன். வடக்கே இமயம், மற்ற மூன்று திசைகளிலும் கடல். பாரத நாட்டின் எல்லையே என் எல்லை. ஏற்ற அன்று மனத்தில் சிறு தயக்கமும் எழவில்லை. அதற்குக் காரணம் வைராக்கியம் என்று அன்று நினைத்தேன். இன்று எண்ணிப் பார்த்தால் காரணம் வேறு. என்னிடம் கடவுச்சீட்டே இல்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் பேருந்தில் சென்று வருவதே என் உலகம். ஆண்டுக்கொருமுறை மேல்சித்தாமூர், திருமலை, எப்போதேனும் சென்னை. போவதற்கு வாய்ப்பே இல்லாத இடத்துக்குப் போகமாட்டேன் என்று உறுதி கூறுவதில் என்ன துறவு இருக்கிறது? பதினான்கு ஆண்டுகள் நான் காத்ததாக நினைத்த விரதம், உண்மையில் மகன் அழைத்த அந்த மாலையில்தான் விரதமாகத் தொடங்கியது.

தப்பும் வழிகள்

நிலைமையை அறிந்த உறவினர் இருவர் இரண்டு வழிகள் கூறினர். இருவருமே நல்லெண்ணத்தோடுதான் கூறினர்.

முதலாமவர் கூறியது இது: “வடக்கே இமயம் வரை வைத்திருக்கிறீர்கள். அங்கெல்லாம் இனி நீங்கள் போகப் போவதில்லை. வடதிசையில் ஆயிரம் கல் குறைத்துக்கொண்டு மேற்கே கூட்டிக்கொண்டால் மொத்த அளவு மிகாதே!” எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனெனில் இந்தக் கணக்கை நம் ஆசாரியர்கள் முன்பே எதிர்பார்த்திருக்கிறார்கள். தத்துவார்த்த சூத்திரம் திசை விரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. மேலே எல்லை கடத்தல், கீழே எல்லை கடத்தல், பக்கவாட்டில் எல்லை கடத்தல், ஒரு திசையின் நிலத்தைப் பெருக்கிக்கொள்ளுதல், வகுத்த எல்லையை மறத்தல் ஆகியன அவை. நான்காவதன் பெயர் க்ஷேத்திர விருத்தி. ஒரு திசையில் குறைத்து மறு திசையில் கூட்டும் தந்திரமும் இதனுள் அடங்கும். மனித மனம் எப்படிப் பேரம் பேசும் என்பதை அறிந்தவர்களே இதனை எழுதியிருக்க முடியும்.

இரண்டாமவர் கூறியது: “போய் வாருங்கள். திரும்பி வந்து பிராயச்சித்தம் செய்துகொள்ளலாம்.” இதுவும் பொருந்தவில்லை. தவறிப்போய் ஏற்படும் மாசு அதிசாரம். அறிந்தே விரதத்தை உடைப்பது அனாசாரம். பிராயச்சித்தத்தை முன்கூட்டியே நிச்சயித்துக்கொண்டு குற்றத்தில் இறங்குவது, திருப்பித் தருவதாகச் சொல்லிக்கொண்டே அடுத்தவர் பெட்டியைத் திறப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே செல்வதில்லை என்று முடிவு செய்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆசிரியப் பணியில் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தவளாயிற்றே. அறிவுரை கூறாமல் இருக்க முடியவில்லை. “நான் வருவது இருக்கட்டும். நீங்கள்தாம் ஐந்து வாரம் எதற்காகப் போக வேண்டும்? பத்து நாள் போதாதா? இந்தப் பணத்தில் எத்தனை அறச்செயல் செய்யலாம்? மூன்று வயதுக் குழந்தைக்கு என்ன நினைவிருக்கப் போகிறது?” என்று தொலைபேசியில் அடுக்கினேன். மகன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அமைதியாக, “அம்மா, விரதம் உங்களுடையது. அதற்கு விலை கொடுப்பவள் என் மகள்” என்றான்.

அச்சொல் பல நாட்கள் என்னை உறங்கவிடவில்லை. அதனை மகனின் சினமாகக் கருதி ஒதுக்கிவிடலாம். ஆனால் அது உண்மையா என்று ஆராய்வதே முறை. அவ்வாறு ஆராய்ந்தபோது மூன்று கேள்விகள் எழுந்தன. மகிழ்ச்சிக்காகப் பயணம் செய்வது குற்றமா? இந்த விடுமுறை யாருக்கானது? விரதத்தின் விலையை யார் கொடுக்க வேண்டும்?

பயணம் குற்றமா?

சமணர்கள் கடலை வெறுத்தவர்கள் அல்லர். கடற்கரை மயிலாப்பூரில் நேமிநாத பகவானுக்குச் சிறப்புமிக்க ஜினாலயம் இருந்தது. அப்பெருமான் பெயராலேயே நேமிநாதம் என்னும் இலக்கண நூலைக் குணவீர பண்டிதர் இயற்றினார். கடல் நிலத்தை விழுங்கத் தொடங்கியபோது அத்திருவுருவம் மேல்சித்தாமூருக்குக் கொண்டுவரப்பட்டது என்பது நம் மரபு. அதாவது, இன்று நாம் செஞ்சிப் பக்கத்து வயல்களுக்கிடையே வணங்கும் பெருமான், ஒரு காலத்தில் அலையோசைக்கு அருகே எழுந்தருளியிருந்தவர்.

பயணத்தைத் திட்டமிடுவதும் நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கோவலன், கண்ணகியோடு மதுரைக்குப் புறப்படும்போது முதலில் செய்வது வழியை ஆராய்வதுதான். சோலை வழியே சென்றால் கிழங்கு அகழ்ந்த குழிகளைப் பூக்கள் மூடியிருக்கும்; கால் தவறலாம். வயல் வழியே சென்றால் நீர்க்கரையில் ஊரும் நண்டும் நத்தையும் அறியாமல் காலடியில் மிதிபடலாம்; அந்தத் துன்பம் பொறுக்க இயலாதது என்கிறார். தம்முடன் வருபவருக்கும் கேடு வரக்கூடாது, வழியில் வாழும் உயிருக்கும் கேடு வரக்கூடாது. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிப் பார்த்த அந்த அடிகள் ‘போகவேண்டாம்’ என்று கூறவில்லை. எப்படிப் போவது என்றே கூறினார்.

காந்தியடிகள் 1888ஆம் ஆண்டில் கல்வி கற்க இங்கிலாந்து செல்ல முற்பட்டபோது அவர் அன்னையார் அஞ்சினார். பேசர்ஜி சுவாமி என்னும் ஜைன முனிவர் மது, மாது, புலால் மூன்றையும் தீண்டுவதில்லை என்று அவரை உறுதி ஏற்கச் செய்தார். அதன்பின் அன்னையார் மனம் அமைந்து விடை கொடுத்தார். சாதியார் கடல் கடப்பதையே குற்றம் என்றார்கள். முனிவரோ கடலைத் தடுக்கவில்லை, கடலுக்கு அப்பால் நடந்துகொள்ள வேண்டிய முறையைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

எனவே இல்லறத்தார்க்குப் பயணம் விலக்கப்பட்டதன்று. விலக்கப்பட்டது பயனற்ற தீமை. அதைத்தான் அனர்த்த தண்ட விரதம் என்கிறோம். காரணமின்றி அலைதல், காரணமின்றி நிலத்தையும் நீரையும் தீயையும் கலக்குதல், காரணமின்றிச் செடி கொடிகளை அழித்தல் இவற்றை அது தடுக்கிறது. அப்படியானால் அளவுகோல் ஐந்து வாரமா, பத்து நாளா என்பதன்று. அந்த நாட்களுக்குப் பயன் உண்டா என்பதே. ஆண்டு முழுதும் விடியற்காலையில் குழந்தையைக் காப்பகத்தில் விட்டு, இருட்டிய பின் அழைத்து வரும் பெற்றோர், ஐந்து வாரம் அவளோடு இருப்பது பயனற்றதா? இக்கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்ல என்னால் இயலவில்லை. மாறாக, அதே ஐந்து வாரத்தில் ஏழு ஊர்களுக்கு ஓடுவது பயனற்றதாகலாம். அடுத்த கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

யாருடைய விடுமுறை?

மகன் முதலில் அனுப்பிய திட்டத்தில் ஏழு ஊர்கள் இருந்தன. தெற்கே அமால்ஃபி கரை. வடமேற்கே லிகூரியாவில் சிங்குவே தெர்ரே எனப்படும் ஐந்து சிற்றூர்கள். 1997இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த இடம். மலைச்சரிவில் கற்சுவர் அடுக்கித் திராட்சை பயிரிட்ட படிநிலங்களும், பாறை மேல் ஒட்டிய வண்ண வீடுகளும் படத்தில் பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் அவற்றுள் கொர்னீலியா என்னும் ஊரை ரயில் நிலையத்திலிருந்து நடந்து அடைய ஏறத்தாழ 380 படிகள் ஏற வேண்டும். அக்கரையில் பல இடங்களில் மணலைவிடக் கூழாங்கல்லே மிகுதி. சில அடி தூரத்திலேயே கடல் ஆழமாகிவிடும். தள்ளுவண்டியோடும் மூன்று வயதுக் குழந்தையோடும் அங்கே சென்றால், பெற்றோர் நாள் முழுதும் சொல்லக்கூடிய சொல் ‘வேண்டாம்’ என்பது ஒன்றாகவே இருக்கும்.

ஆசிரியப் பயிற்சி மாணவியருக்கு நான் பல ஆண்டுகள் பாடம் எடுத்திருக்கிறேன். அப்போது ஆண்டுதோறும் தவறாமல் கற்பித்த பெயர் மரியா மாண்டிசோரி. இத்தாலியில் கடலுக்கு அருகில் உள்ள கியாரவல்லே என்னும் ஊரில் 1870 ஆகஸ்டு 31 அன்று பிறந்தவர். 1907இல் ரோம் நகரின் ஏழைகள் வாழ்ந்த பகுதியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அங்கே ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, துளைகளில் மர உருளைகளைப் பொருத்தி எடுக்கும் ஒரே வேலையை, சுற்றிலும் நடப்பது எதையும் பொருட்படுத்தாமல், நாற்பதுக்கும் மேற்பட்ட முறை செய்ததை அவர் கண்டார். அதுவே அவர் கல்விக் கொள்கைக்கு வித்தாயிற்று. சிறு குழந்தை ஓரிடம் சேர்வதற்காக நடப்பதில்லை, நடப்பதற்காகவே நடக்கிறது என்பதும், பொருள்கள் தத்தம் இடத்தில் இருக்கும் ஒழுங்கை அது ஆழ்ந்து விரும்புகிறது என்பதும் அவர் கண்டறிந்தவை.

அந்த அம்மையார் நம் ஊர்க் கடற்கரைக்கே வந்தவர். 1939 நவம்பரில், அறுபத்தொன்பதாம் வயதில், பிரம்ம ஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்து ஏறத்தாழ முந்நூறு பேருக்கு ஆசிரியப் பயிற்சி அளித்தார். 1940 ஜூன் மாதத்தில் இத்தாலி போரில் இறங்கியதும் பகை நாட்டவர் ஆனார். மகன் மரியோ காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரின் நடமாட்டத்துக்கும் எல்லை வகுக்கப்பட்டது. அவருடைய எழுபதாம் பிறந்த நாளை ஒட்டி மகன் விடுவிக்கப்பட்டார். பின்னர்க் கொடைக்கானலில் தங்கிப் பணியைத் தொடர்ந்தார். பிறர் விதித்த எல்லைக்குள் இருந்துகொண்டே அவர் தம் சிந்தனையை ஆழப்படுத்தினார். நான் விரும்பி ஏற்ற எல்லைக்குள் இருந்துகொண்டு என்ன செய்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

இவற்றை எல்லாம் மகனுக்கு எழுதினேன். இம்முறை அறிவுரையாக அன்று; ஒரு கேள்வியாக. “ஏழு ஊர்களில் எதனைக் குழந்தை கேட்டாள்?” என்று. மருமகளே விடை அனுப்பினாள். “அத்தை, அவள் கேட்டது ஒன்றே ஒன்று. மணல்.” அதன்பின் அவர்களாகவே திட்டத்தை மாற்றினர். கிழக்கே அட்ரியாட்டிக் கடற்கரையில் மணல் மிகுதி. கடலும் மெல்ல மெல்லவே ஆழமாகும். அங்கே அன்கோனா நகருக்கு வடக்கே உள்ள செனிகல்லியா என்னும் ஊரைத் தேர்ந்தெடுத்தனர். சுமார் 13 கிலோமீட்டர் நீள மணற்கரை. அதனை வெல்வெட்டுக் கடற்கரை என்று அங்குள்ளோர் அழைக்கிறார்கள். மியூனிக்கிலிருந்து போலோன்யா வரை ஒரு ரயில், அங்கிருந்து கரையோரமாக மற்றொரு ரயில். ஆகஸ்டு மாத நெரிசலுக்கு முன், ஜூனில் செல்வது. ஒரே ஊர், ஒரே வீடு, தினமும் அதே வழி, அதே மணல். மாண்டிசோரி அம்மையார் பிறந்த ஊர் அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இருப்பது தற்செயலே ஆயினும், எனக்கு மனநிறைவு அளித்தது.

உணவும் கதிரவனும்

நம் குடும்பத்தார் பலருக்கும் பயன்படும் என்பதால் உணவு பற்றி மருமகளும் நானும் ஆராய்ந்தவற்றைச் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன்.

கடையில் விற்கும் உலர்ந்த பாஸ்தா பெரும்பாலும் கோதுமை ரவையும் நீரும் மட்டுமே கொண்டது. அன்றன்று பிசைந்து செய்யும் பாஸ்தாவில் முட்டை சேர்வது வழக்கம். பார்மிஜானோ என்னும் பாலாடைக் கட்டியை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்க்கிறார்கள். ஆகவே அது நமக்கு ஆகாது. அப்பகுதியில் பியாதீனா என்று ஒரு ரொட்டி உண்டு. பார்வைக்கு நம் சப்பாத்தி போலவே இருக்கும். ஆனால் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்த்துப் பிசையும் வழக்கம் உண்டு. எண்ணெயில் பிசைந்ததும் கிடைக்கும். கேட்டே வாங்க வேண்டும். கொண்டைக்கடலை மாவு, நீர், ஆலிவ் எண்ணெய் மட்டும் சேர்த்து அடுப்பில் சுடும் ஃபரினாத்தா என்னும் அடை லிகூரியாப் பக்கத்து உணவு. அதனை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

அத்திப்பழம் பற்றி மருமகள் கேட்டாள். அங்கே வேலியோரமெல்லாம் அத்தி மரங்கள். ஜூன் இறுதியிலேயே முதற்கனிகள் வந்துவிடும். ஆல், அரசு, அத்தி முதலான ஐந்து கனிகளை விலக்குவது நம் மூலகுணங்களில் சேர்ந்தது. கனிக்குள் சிற்றுயிர்கள் வாழ்கின்றன என்பது காரணம். “அங்கே பயிரிடும் வகைகள் பல, பூச்சி நுழையாமலே பழுப்பவை என்று படித்தேனே, அத்தை” என்றாள். உண்மைதான். “விலக்கின் காரணத்தைக் குழந்தைக்குச் சொல்லுங்கள், பழத்தைப் பிளந்து பார்க்கச் சொல்லுங்கள், முடிவு உங்கள் வீட்டுடையது” என்றேன். பத்து ஆண்டுகளுக்கு முன் நான் இவ்வாறு விடை கூறியிருக்கமாட்டேன்.

இரவு உண்ணாமையைப் பொறுத்தவரை ஒரு வியப்பு. ஜூன் மாதத்தில் அக்கரையில் கதிரவன் மறைவது இரவு ஒன்பது மணிக்குச் சற்று முன். கதிரவன் மறைவதற்கு இரண்டு நாழிகை முன் உணவை முடிக்கும் நம் மரபின்படி எட்டு மணி வரை காலம் இருக்கிறது. ஆனால் அங்குள்ள உணவகங்கள் பல ஏழரை மணிக்கு மேல்தான் திறக்கும். ஆகவே அடுப்பு உள்ள வீடாக எடுத்துக்கொண்டார்கள். விரதத்தைக் காக்க எப்போதும் மனவலிமை மட்டும் போதாது. ஒரு சமையலறையும் வேண்டும்.

வாளிக்குள் நண்டு

‘மூன்று வயதுக் குழந்தைக்கு என்ன நினைவிருக்கும்?’ என்று கேட்டேன் அல்லவா? அதற்கான விடை என் நினைவிலேயே இருந்தது.

மகனுக்கு நான்கு வயது நிரம்பாத காலத்தில் சென்னை மெரினா கடற்கரைக்கு அழைத்துச் சென்றோம். கை நிறையக் கிளிஞ்சல் பொறுக்கினான். அவற்றுள் ஒரு சங்கினுள் உயிர் இருந்தது. அவன் உள்ளங்கையில் அது மெல்ல அசைந்தது. அஞ்சி அழுதான். அவன் தந்தையார் அவனைத் தூக்கிக்கொண்டு ஈரமணல் வரை சென்று, அவன் கையாலேயே அதனை நீரில் விடச் செய்தார். இன்று கேட்டால் அவனுக்கு அது நினைவில்லை. மெரினா சென்றதே நினைவில்லை. ஆனால் மழைநாளில் வாசற்படி இறங்கும்போது அவன் தரையைப் பார்த்து இறங்குவதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். அந்தச் சங்குதான் காரணம் என்று அறுதியிட்டுக் கூற நான் துணியமாட்டேன். நினைவில் தங்காதது வாழ்வில் தங்காது என்று கூறவும் துணியமாட்டேன்.

ஐரோப்பியக் கடற்கரைகளில் சிறுவர்கள் சிறு வலையால் நண்டும் மீனும் பிடித்து வாளியில் இட்டு விளையாடுவதுண்டு. “அவளும் கேட்பாளே, என்ன செய்வது?” என்று மருமகள் கவலைப்பட்டாள். தடுத்தால் பிற குழந்தைகளிடமிருந்து விலகி நிற்பாள். விட்டால் வெயிலில் சூடேறும் வாளிநீரில் அவ்வுயிர்கள் துன்புறும். என் விடை இது: வலை வாங்க வேண்டாம், வாளி வாங்குங்கள். அந்த வாளியில் நீர் மொண்டு மணலில் ஊற்றுவதை அவள் நாற்பது முறை செய்வாள். நண்டு ஓடும் வழியில் அமர்ந்து அதனோடு சேர்ந்து பாருங்கள். கவுந்தியடிகளின் கதையை அங்கே சொல்லுங்கள். அகிம்சையை ‘செய்யாதே’ என்ற சொல்லாக முதலில் கேட்கும் குழந்தைக்கு அது தண்டனையாகத் தோன்றும். ‘இதோ பார்’ என்ற சொல்லாகக் கேட்டால் நட்பாகத் தோன்றும்.

விலை யாருடையது?

மூன்றாம் கேள்வியே கடினமானது. ‘விரதம் உங்களுடையது, விலை என் மகளுடையது.’ இதில் உண்மை இருக்கிறது. ஐந்து வாரம் பாட்டியோடு இருந்திருந்தால் அவளுக்குக் கிடைத்திருக்கக் கூடிய தமிழும் கதையும் மடியும் கிடைக்கப் போவதில்லை. இதை மறுத்துப் பயனில்லை.

விரதத்தை விட்டுவிடுவது ஒரு வழி. அருங்கலச்செப்பு முதலாகச் சிராவக ஒழுக்கம் கூறும் நூல்களைப் படித்தவர்கள் திசை விரதத்தின் பயனை அறிவார்கள். எல்லைக்கு அப்பால் உள்ள எந்த உயிருக்கும் என்னால் அச்சமில்லை. அங்கே என் ஆசையும் செல்வதில்லை, என் செயலும் செல்வதில்லை. அந்த அளவில் இல்லறத்தாளாகிய நானும் மாவிரதியர்க்கு நிகராகிறேன். இது அவ்வுயிர்களுக்கு நான் அளித்த வாக்கு. என் பேத்தியின்மேல் கொண்ட அன்பு பெரிது என்பதற்காக அவ்வாக்கைத் திரும்பப் பெற்றால், அன்பு வந்தபோதெல்லாம் எல்லா வாக்கையும் திரும்பப் பெறலாம் என்றாகிவிடும். எளிதாக இருந்தபோது காத்து, கடினமானபோது கைவிட்டால், நான் காத்தது விரதத்தை அன்று, என் வசதியை.

ஆனால் விரதத்தைக் காப்பது வேறு, அதன் சுமையைப் பிறர் தலையில் வைப்பது வேறு. ‘பத்து நாள் போதாதா?’ என்று நான் கேட்டபோது உண்மையில் செய்தது என்ன? எனக்கு வகுத்த எல்லையை அவர்கள்மேல் நீட்டினேன். திசையின் நிலத்தைப் பெருக்குவது க்ஷேத்திர விருத்தி என்றால், என் விரதத்தின் நிலத்தைப் பிறர் வாழ்வுக்குள் பெருக்குவதும் அதன் உடன்பிறப்பே என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு நூலில் பெயர் இல்லாதிருக்கலாம். குற்றம் இல்லாமற் போகாது.

இன்னொன்றும் கண்டேன். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் மகன் குடும்பத்தோடு மூன்று வாரம் இங்கே வருகிறான். வரும் டிசம்பரில் நான் ஒரு குழுவினரோடு சம்மேத சிகரம் செல்ல முன்பணம் கட்டியிருந்தேன். இருபது தீர்த்தங்கரர்கள் முக்தியடைந்த மலை. ஏறி, வலம் வந்து, இறங்க 27 கிலோமீட்டர். வாழ்நாளில் ஒருமுறையேனும் காண வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. குழு செல்லும் நாட்களும் பேத்தி இங்கே இருக்கும் நாட்களும் பத்து நாள் ஒன்றாக வந்தன. அதைப் பெரிதாக நான் நினைக்கவே இல்லை. புண்ணிய யாத்திரைதானே என்று எண்ணினேன். கடலுக்கு அப்பால் செல்லாததற்கு விரதம் காரணம். ஆனால் இப்புறம் அவள் வந்திருக்கும்போதும் நான் இல்லாமற் போவதற்கு எந்த விரதம் காரணம்? மகன் கூறிய விலையில் பாதி அங்கே இருந்தது.

ஆகவே சிகர யாத்திரையிலிருந்து விலகிக்கொண்டேன். கட்டிய பணத்தில் ஒரு பகுதி திரும்பவில்லை. அடுத்த ஆண்டு முழங்கால்கள் இடம் தருமா என்பதும் உறுதியில்லை. அந்த மலையை நான் காணாமலே போகலாம். இதை எழுதும்போதும் மனம் வருந்தவே செய்கிறது. ஆனால் விரதம் என்னுடையது என்றால் விலையும் என்னுடையதாகவே இருக்க வேண்டும். இந்த வருத்தமே நான் செலுத்தும் விலை.

ஜூன் மாதத்தில் நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு நான் தொலைபேசியின் முன் அமர்வதாக ஏற்பாடு. அப்போது அங்கே மாலை நான்கரை மணி. வெயில் தணிந்து அவர்கள் மணலுக்குப் புறப்படும் நேரம். ஒரு நாளைக்கு ஒரு கதை. முதல் நாள், மணக்கோலத்தில் சென்றபோது அடைபட்ட விலங்குகளின் ஓலம் கேட்டுத் தேரைத் திருப்பிய நேமிநாதர் கதை. “ஆயா, நீ ஏன் வரல?” என்று சென்ற வாரமே பேத்தி கேட்டாள். விரதம் என்றேன். “அப்படின்னா?” என்றாள். மூன்று வயதுக்கு உரிய விடை எனக்கு உடனே கிடைக்கவில்லை. “ஒரு கோடு போட்டேன், கண்ணு. அந்தப் பக்கம் போகமாட்டேன்னு சொல்லிட்டேன்” என்றேன். அவள் சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, “நானும் மணல்ல கோடு போடறேன். நீ இந்தப் பக்கம் இரு, நான் அந்தப் பக்கம் இருக்கேன்” என்றாள்.

அன்பு கொண்ட சகோதரிகளே! நம்மில் பலருடைய பிள்ளைகள் இன்று கடலுக்கு அப்பால் வாழ்கிறார்கள். நம்மில் பலர் விரதங்கள் ஏற்றிருக்கிறோம். எதனைக் காப்பது, எதனை விடுவது என்பதை அவரவர் தம் நிலைக்கு ஏற்பவே முடிவு செய்ய வேண்டும். நான் கூற விரும்புவது ஒன்றே. நாம் ஏற்ற விரதம் ஒன்றைக் காக்கும்போது, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று ஒருமுறை சுற்றும்முற்றும் பார்ப்போமாக. வேறொருவர் கொடுப்பதைக் கண்டால், விரதத்தை விடாமலே அச்சுமையை நம் தோளுக்கு மாற்றிக்கொள்ளும் வழி உண்டா என்று தேடுவோமாக.